படப் பலகையும் கட்டுரை நோட்டும்: சில கேள்விகள்

வாயால் பேச முடியாமல், படங்களும் சொற்களும் ஒட்டிய படப் பலகையையோ டேப்லெட்டையோ (டேப்) தொட்டுப் பேசும் பிள்ளைகளுக்கு எழுத்துப் பாடம் நடத்துவது பற்றி வந்த கேள்விகளும், சிறப்பு ஆசிரியை ஒருவரின் பதில்களும்.

கேள்வி: என் மூன்றாம் வகுப்பில் மூளை முடக்குவாதம் உள்ள பையன் ஒருவன் படப் பலகையைத் தொட்டுத்தான் பேசுவான். மற்றவர்கள் 'மழை' பற்றி ஐந்து வரி எழுதும்போது, புள்ளிக் கோட்டின் மேல் எழுதிப் பழக அவனுக்குத் தாள் கொடுக்கிறேன். சரிதானே?

பதில்: இல்லை டீச்சர், அது கைக்குப் பயிற்சி. அவனுக்கும் மழையையே கொடுங்கள். முதல் நாளே 'குடை', 'இடி', 'நனை', 'பிடிக்காது' என்று பலகையில் ஒட்டிவிடுங்கள். 'பிடிக்காது' கட்டாயம் வேண்டும். பல பலகைகளில் பிள்ளை குறை சொல்லவே இடமிருப்பதில்லை! அவன் தொடுவதை அப்படியே எழுதி, வாசித்துக் காட்டி, "இதுதானா?" என்று கேளுங்கள்.

கேள்வி: படங்கள் போதாதா? 247 எழுத்தைப் பலகையில் எப்படி அடக்குவது?

பதில்: நாம் ஒட்டாத சொல்லைச் சொல்ல அவனுக்கு எழுத்துதான் வேண்டும். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. ஆக 31 கட்டம்தான். ம், ஐ இரண்டையும் தொட்டால் 'மை'.

கையால் தொட முடியாமல், கண்ணை உயர்த்தி 'ஆமாம்' சொல்லும் பிள்ளையா? நம் இலக்கணமே கைகொடுக்கும். வல்லினமா, மெல்லினமா, இடையினமா என்று கேளுங்கள். ஒவ்வொன்றிலும் ஆறுதான். 'மழை' எழுத மெல்லினத்தில் ஐந்தாவது ம், கூடவே அ. இடையினத்திலும் ஐந்தாவதுதான், ழ். அப்புறம் குறிலா நெடிலா? நெடில், ஐ. இனப் பெயர் தெரியாத வயதென்றால் மூன்று வரிசைக்கும் மூன்று நிறம் போதும். ஸ, ஷ, ஜ, ஹ தனி வரிசையில் இருக்கட்டும். இல்லாவிட்டால் 'பஸ்' எழுத முடியாது, வகுப்பில் பல பேருடைய பெயரையும் எழுத முடியாது.

ஆரம்பத்தில் 'ககபம' என்றெல்லாம் வரும். மற்றப் பிள்ளைகள் சுவரில் கிறுக்குவது போலத்தான் அதுவும். விடுங்கள்.

கேள்வி: என் மகள் 'நான் பள்ளி போ' என்றே எழுதுகிறாள்.

பதில்: பலகையில் 'பள்ளி' இருக்கிறது, 'க்கு' இருக்கிறதா அம்மா? ஐ, ஆல், க்கு, இல், கள் எல்லாவற்றுக்கும் சின்னக் கட்டம் போடுங்கள். போனேன், போகிறேன், போவேன் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கட்டும். முதலில் அவள் எழுதியதைப் பாராட்டுங்கள், அடுத்த முறை வாசிக்கும்போது நீங்களே 'க்கு'வைத் தொட்டுக் காட்டுங்கள்.

கேள்வி: டேப் கொடுத்தால் பேச்சு வராமல் போய்விடுமோ?

பதில்: போகாது. ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை.

கேள்வி: ஒரு வரிக்கே இருபது நிமிடம் ஆகிறது, மணி அடித்துவிடுகிறது. மீதியை நானே முடித்துவிடலாமா?

பதில்: வேண்டாம். ஒரு வரியே போதும், மீதி நாளை. நானும் அவசரப்பட்டவள்தான். ஒரு சிறுமி 'அம்மா' என்று தொட்டதும், 'சோறு ஊட்டினார்' என்று நானே எழுதிவிட்டேன். இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் எழுத்து எழுத்தாக வந்த சொல் 'பொய்'. ஊசி கிடையாது என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள்.