2015-இல் மினோரு சுசூகி எங்கே போனார்?

நண்பரே, நியூ ஜப்பான் என்ற ஜப்பானியத் தொழில்முறை மல்யுத்த நிறுவனத்தின் ஆட்டங்களை வரிசையாகப் பார்த்து வந்தபோது 2015, 2016 ஆண்டுகளில் மல்யுத்த வீரர் மினோரு சுசூகியைக் காணவில்லை, காயமா என்று கேட்டிருந்தீர்கள். காயமில்லை. தன் ‘சுசூகி-குன்’ கூட்டத்தோடு நோவா என்ற இன்னொரு மல்யுத்த நிறுவனத்துக்குப் போயிருந்தார். 2015 மார்ச்சில் நோவா வீரர் மாருஃபுஜியை வென்று அங்கே முதன்மைப் பட்டத்தையே கைப்பற்றினார். 2017 ஜனவரியில் திரும்பி வந்தார்.

அவரை நிறுவனத்தின் பெயரை வைத்துத் தேடாதீர்கள், ஆண்டை வைத்துத் தேடுங்கள். 1988-இல் நியூ ஜப்பானில் அறிமுகமானவர், மறு ஆண்டே வெளியேறினார். 1993-இல் சக வீரர் ஃபுனாகியோடு சேர்ந்து பான்கிரேஸ் என்ற சண்டை நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்படாத நிஜச் சண்டை. அந்தப் பத்தாண்டுப் பயிற்சிதான் இன்றும் அவருடைய பிடிகளில் தெரிகிறது. 2003-இல் தொழில்முறை மல்யுத்தத்துக்குத் திரும்பியதிலிருந்து யாருக்கும் கட்டுப்படாத சுதந்திர வீரர். 2006-இல் ஆல் ஜப்பான் என்ற மல்யுத்த நிறுவனத்தின் முதன்மைப் பட்டமான மும்மகுடமும் அவரிடம் வந்தது.

முதலில் 2012 அக்டோபரில் டோக்கியோவின் ரியோகோகு அரங்கில் நியூ ஜப்பான் வீரர் தனஹாஷியோடு மோதிய ஆட்டத்தைப் பாருங்கள். ஒருவர் கையையும் மற்றவர் காலையும் குறிவைத்து முறுக்கும் அந்தப் பொறுமைக்காகவே நான் அதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பிறகு நோவா ஆட்டங்களுக்குப் போகலாம்.