மெஷின் 28,000 ரூபாய், அரைப்புக் கூலி 200 ரூபாய்

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். இரண்டு வருடமாக வீட்டிலேயே இட்லிப் பொடி செய்து விற்கிறேன். மாதம் 10 கிலோ போகிறது. 200 கிராம் பாக்கெட் 90 ரூபாய். பருப்பு, மிளகாய், எள்ளு எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 240 ரூபாய் ஆகிறது. மில்லில் அரைக்கக் கிலோவுக்கு 20 ரூபாய். சீட்டு எடுத்த பணம் 40,000 கையில் இருக்கிறது. 28,000 ரூபாய்க்கு அரவை மெஷின் வாங்கிப் போட்டால்தான் தொழில் வளரும், மீதிப் பணத்தில் கடைகளுக்குச் சரக்குப் போடலாம் என்கிறார் என் அண்ணன். செய்யலாமா?
வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: மெஷின் இப்போது வேண்டாம் சகோதரி. நீங்கள் எழுதிய கணக்கையே எடுத்துக்கொள்வோம். மாதம் 10 கிலோ, கிலோவுக்கு 20 ரூபாய், ஆக மில்லுக்கு நீங்கள் கொடுப்பது மாதம் 200 ரூபாய். அந்த 200 ரூபாயை மிச்சம் பிடிக்க 28,000 போட்டால், போட்ட பணம் திரும்ப 140 மாதம், அதாவது பதினொன்றரை வருடத்துக்கு மேல் ஆகும், அதுவும் கரண்ட் பில்லையும் ரிப்பேரையும் சேர்க்காமல். மாதம் 100 கிலோ போகும்போது இதே கேள்வியை எழுதுங்கள், அப்போது நான் வேறு பதில் சொல்வேன்.

மில்லில் முன்னால் அரைத்தவருடைய மல்லித்தூள் வாசம் நம் பொடியில் ஏறிவிடுகிறதே என்பது அண்ணனின் கவலையாக இருந்தால் அது நியாயமான கவலை. காலையில் மில் திறந்ததும் முதல் ஆளாகப் போங்கள். இரண்டு கை பொட்டுக்கடலையை முதலில் போட்டு ஓட்டி அதைத் தனியாக எடுத்துவிடுங்கள், அப்புறம் உங்கள் சரக்கைக் கொட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் பேப்பரில் பரப்பி நன்றாக ஆறவிட்டுத்தான் பாக்கெட் போட வேண்டும். சூட்டோடு அடைத்தால் உள்ளே வேர்த்துக் கட்டி தட்டிவிடும், அந்தப் பாக்கெட்டை வாங்கியவர் இரண்டாம் முறை வர மாட்டார்.

சரி, கடைக்குப் போடும் விஷயம். இதில்தான் எனக்குக் கவலை அதிகம். ஒரு பாக்கெட்டுக்குச் சரக்கு 48 ரூபாய், அரைப்பு 4, கவரும் ஸ்டிக்கரும் 5, கேஸ் 3 என்று வைத்தால் 60 ரூபாய் ஆகிறது. தெரிந்தவர்களுக்கு நேரடியாக விற்றால் 30 ரூபாய் நிற்கும். கடைக்காரர் 20 சதவீதம் கேட்டால் அவருக்கு 18 ரூபாய் போக உங்களுக்கு 12 தான். தேதி முடிந்து ஒரு பாக்கெட் திரும்பி வந்தால் 60 ரூபாய் போச்சு, ஐந்து பாக்கெட் விற்ற லாபம் அதில் கரைந்துவிடும். இத்தனைக்கும் நீங்கள் அடுப்படியில் நின்று வறுக்கிற நேரத்துக்கு இந்தக் கணக்கில் கூலியே இல்லை. தயவுசெய்து அதையும் எழுதிவையுங்கள், மணிக்கு 50 ரூபாயாவது போடுங்கள்.

அப்புறம், பெரும்பாலான கடைகளில் "வித்துட்டுத் தர்றேன்" என்பார்கள். பத்துக் கடைக்குப் பத்துப் பத்துப் பாக்கெட் போட்டால் உங்கள் பணம் 6,000 ரூபாய் அடுத்தவர் அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். மெஷினில் போடுவது மட்டும் முதலீடு இல்லை, இதுவும் முதலீடுதான், இது கண்ணுக்குத் தெரியாததால்தான் பலர் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் இரண்டே கடை, கடைக்கு ஐந்து பாக்கெட். பழைய பாக்கி கைக்கு வந்தால்தான் புதுச் சரக்கு. இதில் மட்டும் முகத்தாட்சண்யம் பார்க்காதீர்கள்.

40,000த்தில் இப்போதைக்கு 8,000 மட்டும் எடுங்கள். அதில் 20 கிலோவுக்குச் சரக்கு, வெறும் ஜிப் கவர், ஸ்டிக்கர், கையால் அழுத்தும் சீலிங் மெஷின் எல்லாம் அடங்கிவிடும். அச்சடித்த கவர் வேண்டவே வேண்டாம். என் மனைவி ஊறுகாய் போட்டு விற்ற காலத்தில், மொத்தமாக எடுத்தால் கவர் மலிவு என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு 5,000 கவர் அடித்தோம். ஆறே மாதத்தில் நல்லெண்ணெய் விலை ஏறியது, நாங்களும் விலையை ஏற்ற வேண்டியதாயிற்று, கவரிலோ பழைய விலை. கட்டுக்கட்டாகப் பரணில் கிடந்ததைப் பார்க்கும்போதெல்லாம் அவள் கண் கலங்கியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஸ்டிக்கர் என்றால் நூறு நூறாக அடிக்கலாம், விலையையும் தேதியையும் மாற்றலாம்.

அந்த 8,000 திரும்பி வந்து, அதற்கு மேல் எவ்வளவு நின்றது என்று நோட்டில் தெரிந்த பிறகு அடுத்த 8,000. விற்ற பணம் வீட்டுக்காரர் ஃபோனில் ஜிபேயில் விழுந்து மளிகைக்கும் பெட்ரோலுக்கும் போய்விட்டால் எதுவுமே தெரியாது, எனவே உங்கள் பெயரில் பொடிக்கு மட்டும் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு வேண்டும். 1959இல் மும்பை கிர்காமில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி மொட்டை மாடியில் அப்பளம் உருட்டத் தொடங்கியதுதான் இன்றைய பெரிய அப்பள நிறுவனமான லிஜ்ஜத். முதல் நாள் நாலு பாக்கெட். உங்களிடம் இப்போதே மாதம் 50 பாக்கெட்டுக்கு வாடிக்கை இருக்கிறது, அது சின்ன விஷயம் இல்லை.

உணவுப் பொருள் என்பதால் எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு அவசியம், சிறிய அளவில் செய்பவர்களுக்குக் கட்டணம் மிகக் குறைவு. சிறு தொழில் செய்பவர்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், அதற்குப் பணம் கேட்கிற இணையதளம் எதுவாக இருந்தாலும் அது அரசின் தளம் இல்லை. ஆர்டர் கைமீறிப் போகும் நாளில் சிறு தொழில்களுக்கான முத்ரா கடன் திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை ஜாமீன் இல்லாமல் வங்கியில் கடன் கேட்கலாம். மெஷினுக்கு மானியம் கிடைக்குமா என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள், மெஷின் வாங்குவதற்கு முன்னால் விசாரியுங்கள்.

கேள்வி: நண்பன் டீக்கடை தொடங்குகிறான். ஒன்றரை லட்சம் கொடு, லாபத்தில் பாதி தருகிறேன் என்கிறான். பத்து வருடப் பழக்கம், எழுதி வாங்கக் கூச்சமாக இருக்கிறது.
வாசகர், சேலம்

பதில்: தம்பி, முதலில் அது கடனா பங்கா என்று இரண்டு பேரும் பேசி முடிவு செய்யுங்கள். கடன் என்றால் புரோநோட்டு எழுதி, பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். நோட்டு எழுதி மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும், அது தாண்டினால் செல்லாது. இடையில் வட்டியோ அசலில் ஒரு பகுதியோ வந்தால் நோட்டின் பின்னால் தேதி போட்டு அவர் கையாலேயே எழுதி வரவு வைக்கச் சொல்லுங்கள்.

பங்கு என்றால் லாபத்தில் மட்டுமல்ல, கடை பட்ட கடனுக்கும் நீங்கள் பொறுப்பு. பால்காரர் பாக்கி உங்கள் வீட்டு வாசலுக்கும் வரும். பத்திரம் எழுதி, நிறுவனத்தைப் பதிவும் செய்ய வேண்டும், பதிவு இல்லாவிட்டால் பங்குதாரர் மேல் வழக்குத் தொடுப்பதே கஷ்டம். ஒன்றரை லட்சத்தையும் ஒரே நாளில் கொடுக்க வேண்டாம். அட்வான்ஸுக்கு 50,000 கொடுங்கள், கடை திறந்து மூன்று மாதம் தினசரிக் கணக்கைப் பாருங்கள், பால் எத்தனை லிட்டர், கல்லாவில் எவ்வளவு என்று. கூச்சம் உங்களுக்கு மட்டும் இருக்காது, அவருக்கும் இருக்கும். நீங்களே முதலில் பேச்சை எடுங்கள்.