பசை பிறகு, ஈரம் முதலில்: இலையுதிர் காலக் கைவினைக் கேள்விகள்

பிள்ளைகள் பொறுக்கி வந்த சிவப்பு மேப்பிள் இலைகளில் கொலுவுக்குத் தோரணம் கட்டினோம். இரண்டே நாளில் சுருண்டு பழுப்பாகிவிட்டது. நவராத்திரி முடியும்வரை தாங்க வைக்க வழி உண்டா? (ஸ்கார்பரோ)

ஈரத்தோடு கட்டியிருக்கிறீர்கள். ஹீட்டர் ஓடும் வீட்டில் சுருளாமல் என்ன செய்யும்? இலைகளை முதலில் செய்தித்தாளுக்கு இடையில் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி, ஓரிரு நாள் தட்டையாக்குங்கள். அதன்பின் இரண்டு வழி.

நிறம்தான் முக்கியம் என்றால் தேன்மெழுகு. கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து மெழுகை உருக்குங்கள். நேரே அடுப்பில் வைத்தால் தீப்பிடிக்கும். காம்பைப் பிடித்து ஒரு முக்கு முக்கி, சொட்டவிட்டு, பேக்கிங் தாளில் ஆறப் போடுங்கள். அந்தச் சிவப்பு ஒன்பது நாளுக்குத் தாராளமாக நிற்கும்.

அடுத்த வருஷமும் வேண்டும் என்றால் கிளிசரின். ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, தட்டையான தட்டில் இலைகளை முழுக்க அமிழ்த்தி மேலே பாரம் வையுங்கள். மூன்று முதல் ஐந்து நாளில் எடுத்துத் துடைத்தால் தோல் போலத் துவண்டு நிற்கும், நொறுங்காது. ஆனால் நிறம் கருக்கும், மஞ்சள் இலை பழுப்புக்கே போய்விடும்.

எந்த வழியானாலும் வெயில் விழும் ஜன்னலில் கட்டாதீர்கள். அந்தச் சிவப்பைத் தரும் ஆந்தோசயனின் வெளிச்சத்தில் வெளுத்துவிடும். கிளிசரின் இலைக்கு நூல்கூட வேண்டாம். மந்தாரை இலையில் ஈர்க்குச்சி ஓட்டுவது போல, ஒன்றின் காம்பை அடுத்ததில் குத்தி ஓட்டிக்கொண்டே போகலாம்.

ஓக் கொட்டைகளை ஜாடியில் போட்டு அழகுக்கு வைத்தேன். ஒரு வாரத்தில் வெள்ளைப் புழு நெளிகிறது. பைன் காய்களைக் கழுவினால் மூடிக்கொண்டன, கெட்டுவிட்டனவா? (நியூ ஜெர்சி)

புழு வெளியிலிருந்து வரவில்லை. கொட்டை மரத்தில் இருக்கும்போதே கூன்வண்டு துளையிட்டு உள்ளே முட்டை வைத்துவிடும். கொட்டை விழுந்தபின் புழு ஓட்டைத் துளைத்து வெளியே வரும். பொறுக்கியதும் தண்ணீரில் போடுங்கள். மிதப்பது சொத்தை, எறிந்துவிடலாம். மிச்சத்தைத் துடைத்து, 80 முதல் 90 டிகிரி செல்சியஸ் ஓவனில் ஒன்றிரண்டு மணி நேரம், நடுநடுவே புரட்டி உலர்த்துங்கள். தொப்பி கழன்றால் ஒட்டிக்கொள்ளலாம்.

பைன் காய் கெடவில்லை. ஈரம் பட்டால் செதில்களை மூடும், காய்ந்தால் விரிக்கும். விதையைக் காக்கும் வழி அது. அலுமினியத் தாளில் பரப்பி 95 டிகிரியில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வையுங்கள். பூச்சி சாகும், கையில் ஒட்டும் பிசினும் உருகிப் பளபளப்பாகும். ஓவனைப் போட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள்.

பூங்காவில் பொறுக்கிய செஸ்ட்நட்டில் மாலை கோத்தோம். மீந்ததை வறுத்துச் சாப்பிடலாமா? (லண்டன்)

வேண்டாம். பூங்காக்களில் பிள்ளைகள் பொறுக்குவது பெரும்பாலும் கான்கர் எனப்படும் குதிரைச் செஸ்ட்நட். அதில் நச்சுப்பொருள் உண்டு, நாய் தின்றாலும் ஆபத்து. மேல்தோலைப் பாருங்கள்: அங்கொன்று இங்கொன்றாகத் தடித்த முள் இருந்தால் கான்கர், முள்ளம்பன்றி மாதிரி நெருக்கமான மெல்லிய முள் இருந்தால் உண்ணும் வகை. அதன் கொட்டை நுனியில் சிறு குஞ்சமும் இருக்கும். மேல்தோல் கிடைக்காமல் கொட்டை மட்டும் இருந்தால் மாலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

காட்டுப் பாதையில் பளீரென்று சிவந்த கொடியைப் பறித்து வளையம் செய்தேன். கையெல்லாம் கொப்புளம். என்ன செடி அது? (ஒட்டாவா)

பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் சொல்வது பாய்சன் ஐவிக்கு நன்றாகப் பொருந்துகிறது. காம்புக்கு மூன்று சிற்றிலை, நடு இலைக்கு மட்டும் நீண்ட காம்பு, மரத்தில் ஏறும் தண்டில் மயிர் போன்ற வேர்கள் இருந்தால் அதுவேதான். ஐந்து சிற்றிலை என்றால் வர்ஜீனியா கொடி.

பாய்சன் ஐவி மாமரத்தின் குடும்பம். ஊரில் மாம்பால் பட்டு வாய் வெந்தவர்களும், வண்ணார் துணிக்குக் குறிபோடும் சேங்கொட்டையின் சாறு பட்டவர்களும் இந்தக் கொப்புளத்தை அறிவார்கள். சேங்கொட்டையும் இதே குடும்பம்தான். எண்ணெய் போன்ற உருஷியால்தான் காரணம், இலை காய்ந்தாலும் அது போகாது. ஆகவே வளையத்தைக் கையுறை போட்டு மூடிக்கட்டிக் குப்பையில் போடுங்கள். எரிக்கவே கூடாது, புகை நுரையீரலைப் புண்ணாக்கும். கத்தரி, சட்டை எல்லாவற்றையும் சோப்பால் கழுவுங்கள். கொப்புளம் முகத்துக்கோ கண்ணுக்கோ பரவினால் மருத்துவரிடம் போங்கள்.

குடைந்த பூசணி நாலே நாளில் பூசணம். (பெர்லின்)

அதன் ஆயுள் அவ்வளவுதான். குடையாமல் வைத்தால் பல வாரம் இருக்கும், ஹாலோவீனுக்கு இரண்டு நாள் முன் குடையுங்கள். வெட்டியதைக் குளிர்ந்த இடத்தில் வைத்து, மெழுகுவர்த்திக்குப் பதில் எல்இடி விளக்கு போடுங்கள். விளக்குக்கென்று விற்கும் பெரிய வகை நீர்த்துக் கிடக்கும், கூட்டுக்கு லாயக்கில்லை.

அமெரிக்காவிலிருந்து வரும் அக்காவிடம் பைன் காய் கொண்டுவரச் சொல்லலாமா? (சென்னை)

சொல்லாதீர்கள். 2003-இன் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி, விதை, செடி போன்ற தாவரப் பொருட்களைத் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் கொண்டுவர முடியாது. காயோடு பூச்சியும் வரும். கொடைக்கானல் போய்ப் பொறுக்கலாம் என்றால், காப்புக்காட்டில் விழுந்து கிடப்பதையும் எடுக்க அனுமதி வேண்டும். கடற்கரைப் பக்கம் சவுக்குக் காய் கொட்டிக் கிடக்கிறதே! வட்ட அட்டையில் ஒட்டினால் அருமையான வளையம் வரும். சிவப்பு வேண்டுமா? மழைக்காலம் முடிந்து வாதாமரம் இலை உதிர்க்கும்வரை பொறுங்கள். அதன் இலை தடிமன் என்பதால் அழுத்தும்போது செய்தித்தாளைத் தினமும் மாற்ற வேண்டும்.