ஐந்தாம் பருவத்தோடு நின்ற படிப்பைத் தொடர்வது பற்றி

அம்மாவைப் பார்த்துக்கொள்ளக் கல்லூரிப் படிப்பை ஐந்தாம் பருவத்தோடு (செமஸ்டர்) நிறுத்தி ஏழு வருஷம் ஆகிவிட்டது, மறுபடியும் முதலிலிருந்தா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி நீங்களாகவே முடிவு கட்டிவிடாதீர்கள். தேறிய பாடங்கள் பெரும்பாலும் பதிவேட்டில் அப்படியேதான் இருக்கும்.

முதலில் பழைய கல்லூரியில் முழு மதிப்பெண் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். கட்டணப் பாக்கி இருந்தால் சில இடங்களில் தர மாட்டார்கள். தவணையில் கட்டலாமா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். என் பட்டியலில் ஒரு செய்முறைப் பாடத்துக்கு நேரே மதிப்பெண் இல்லாமல் வெறும் கோடு இருந்தது. கடைசி அறிக்கையை நான் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அது தெரியாமல் நாலு வருஷம் அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன்.

அப்புறம் இரண்டு விஷயங்களை மின்னஞ்சலில் கேளுங்கள்: படிப்பை முடிக்க உச்ச வரம்பு எத்தனை வருஷம், அது தாண்டியிருந்தால் விலக்கு உண்டா? பாடத்திட்டம் மாறியிருந்தால் பழைய பாடங்களுக்கு ஈடாக எவற்றை ஏற்பார்கள்? வாய்வார்த்தை போதாது, பதில் எழுத்தில் வேண்டும்.

வேறு கல்லூரிக்கு மாறும் யோசனை இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். பட்டம் தர, மொத்தப் பாடங்களில் குறிப்பிட்ட பங்கைத் தங்களிடமே படிக்க வேண்டும் என்று பல கல்லூரிகள் விதி வைத்திருக்கின்றன. பாதிக்கு மேல் முடித்த உங்களுக்குப் பழைய இடமே கிட்டத்து வழியாக இருக்கலாம்.

சேர்ந்ததும் ஒன்றிரண்டு பாடம் மட்டும் எடுங்கள். அம்மாவையும் கவனிக்க வேண்டுமே. பட்டியல் வந்ததும் மீதிப் பாடங்கள் எவை என்று எனக்கு எழுதுங்கள், எதை முதலில் எடுக்கலாம் என்று சேர்ந்தே பார்ப்போம்.