இணையத்தில் இலவசமாக ஓபரா (பாடிக்கொண்டே நடிக்கும் மேற்கத்திய இசை நாடகம்) பார்க்க முடியுமா? மேற்கத்திய இசை தெரியாதவருக்கு அது பிடிக்குமா?

முடியும். பிடிக்குமா என்பது நீங்கள் எதில் தொடங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

நான் மும்பைக்காரன். இங்கே சர்னி ரோடு பக்கம் ‘ஆபரா ஹவுஸ்’ என்றால் வைர வியாபாரிகள் கூடும் இடம், அவ்வளவுதான். 1993இல் மூடிய அந்த அரங்கை 2016இல் திரும்பத் திறக்கும் வரை, அது எதற்காகக் கட்டியது என்றுகூட நான் யோசித்ததில்லை. ஓபரா எனக்கு அறிமுகமானது 2020 ஊரடங்கில், செம்பூர் வீட்டு டிவியில்.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா (சுருக்கமாக மெட்) அந்த மார்ச் மாதம் அரங்கைப் பூட்டிவிட்டு, பழைய பதிவுகளைத் தினம் ஒன்றாக இலவசமாக விட்டது. மார்ச் 16 அன்று ‘கார்மென்’ என்ற ஓபராவில் ஆரம்பித்தார்கள். அங்கே மாலை 7.30 என்றால் நமக்கு விடியற்காலை 5 மணி. அடுக்களையில் அம்மாவின் சுப்ரபாதம், கூடத்தில் ஸ்பெயின் சுருட்டுத் தொழிற்சாலைப் பெண்களின் கோரஸ். யார் சத்தத்தைக் குறைப்பது என்று தினமும் சண்டை. ஒவ்வொரு பதிவும் ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க இருக்கும், ராத்திரி சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்பது ஒரு வாரம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

அந்தத் தினசரி இலவசம் முடிந்துவிட்டது. இப்போது மெட் பதிவுகளுக்குச் சந்தா கட்ட வேண்டும். காசில்லாமல் பார்க்க நான் போவது ஓபராவிஷன் என்ற இணையதளம். ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 2017இல் தொடங்கியது. பல நாட்டு அரங்குகள் தங்கள் மேடையேற்றங்களை முழுசாகப் படம்பிடித்து அதில் தருகின்றன. யூடியூபிலும் இருக்கிறது. ஆங்கில வசனவரி உண்டு, தமிழில் கிடையாது. ஒன்றை மறக்காதீர்கள்: பதிவுகள் சில மாதங்கள்தான் இருக்கும். கடைசித் தேதியைப் பார்த்துக் குறித்துவையுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

படம்பிடித்த ஓபராவில் ஒரு லாபம், ஒரு நஷ்டம். பாடுகிறவரின் முகத்தை அத்தனை கிட்டத்தில் பார்ப்பது லாபம். அரங்கில் கடைசி வரிசைக்காரருக்கு அது கிடைக்காது. நஷ்டம் குரலில். மெட் அரங்கில் ஏறக்குறைய 3,800 பேர் உட்காரலாம். எங்கள் மும்பை சண்முகானந்தா ஹாலைவிட ஆயிரம் இருக்கை அதிகம். அத்தனை பேருக்கும், கீழே வாசிக்கும் முழு வாத்தியக் குழுவையும் தாண்டி, மைக் இல்லாமல் பாடுகிறார்கள். பதிவில் எல்லாவற்றையும் சமன் செய்துவிடுவதால் பெரிய குரலும் சின்னக் குரலும் ஒரே அளவில் கேட்கும். நல்ல ஹெட்போன் போட்டாலும் இந்த நஷ்டம் நஷ்டம்தான்.

‘பேசாமல் ஏன் பாடிக்கொண்டே இருக்கிறார்கள்’ என்று அம்மா ஒரு நாளும் கேட்கவில்லை. சின்ன வயதில் விடிய விடிய ஸ்பெஷல் நாடகம் பார்த்தவர். ஒருநாள் இசையமைப்பாளர் ஹாண்டலின் ஓபரா ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அவர் பாட்டுகளில் முதல் பகுதி, நடுப்பகுதி, பிறகு மறுபடியும் முதல் பகுதி என்று வரும். இரண்டாம் தடவை பாடகி தன் கற்பனைக்கு ஏற்ற மாதிரி அழகு சேர்த்துப் பாட வேண்டும். எனக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தி, “ஏண்டா, இவ அதே வரிக்குச் சங்கதி போடறாளே!” என்றார். கச்சேரி கேட்டுப் பழகிய காது இருந்தால் ஹாண்டல் அவ்வளவு தூரமில்லை.

ஆனால் முதலில் பார்க்க வேண்டியது இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் லா போயெம். 1896இல் டூரின் நகரில் முதன்முதலாக மேடையேறியது. நான்கே அங்கம், எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கதை பாரிஸில் மொட்டைமாடி அறையில் கிடக்கும் நான்கு பேச்சிலர்களைப் பற்றியது: கவிஞன், ஓவியன், தத்துவக்காரன், இசைக்காரன். குளிருக்கு விறகில்லாமல் கவிஞன் தன் கையெழுத்துப் பிரதியையே எரிக்கிறான். வாடகை கேட்டு வரும் வீட்டுக்காரருக்குச் சரக்கு ஊற்றிக்கொடுத்து, அவருடைய பெண் சகவாசத்தை அவர் வாயாலேயே கக்கவைத்து, “கல்யாணமானவர் பேசுகிற பேச்சா இது!” என்று கொதித்த மாதிரி நடித்து வெளியே தள்ளுகிறார்கள். மாதுங்காவில் ஒரு அறையில் ஆறு பேராகத் தங்கியிருந்த எனக்கு இதற்கு வசனவரியே தேவைப்படவில்லை.

பார்க்கும் முன் மேடை எப்படி இருக்கிறது என்று ஒரு நோட்டம் விடுங்கள். ஐரோப்பிய இயக்குநர்கள் சிலர் கதையை எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். 2017இல் பாரிஸிலேயே இதே லா போயெமை விண்கலத்தில் நடத்தினார்கள். முதல் தடவைக்கு அது வேண்டாம்.

ஒரே மூச்சில் பார்க்க வேண்டும் என்றும் இல்லை. நாங்கள் நாளுக்கு ஒரு அங்கம் என்று வைத்துக்கொண்டோம். மூன்று முடிந்தன. அதற்குள் அம்மாவுக்கு கவிஞன் காதலிக்கும் தையல்காரப் பெண் மிமியின் இருமல் பெரிய கவலையாகிவிட்டது. கடைசி அங்கத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திப்போட்டோம். பதிவு சனிக்கிழமையோடு போய்விட்டது.

அம்மா இன்னும் அவ்வப்போது கேட்பார், அந்தப் பெண்ணுக்கு உடம்பு சரியாயிற்றா என்று. சரியாகிவிட்டது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.