மிலானிலிருந்து ஒரு நாள்: கோமோ ஏரியில் எந்த ஊர், எந்த மீன்?

கேள்வி: வேலை விஷயமாக மிலானுக்குப் போகிறேன். மனைவியும் எட்டு வயது மகளும் உடன் வருகிறார்கள். ஒரே ஒரு நாள்தான் ஓய்வு. கோமோ ஏரிக்கரை ஊர்களைப் பார்த்து, அந்த ஏரியில் பிடித்த மீனையும் சாப்பிட ஆசை. கோமோ நகரத்துக்குப் போய் அங்கிருந்து படகு ஏறுவது சரியா? மீனை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: கோமோ நகரத்தை இந்த முறை விட்டுவிடுங்கள். ஊர் நல்ல ஊர்தான், ஆனால் ஏரியின் தென்மேற்குக் கோடியில் இருக்கிறது. அங்கிருந்து நடு ஏரிக்கு மெதுவான படகில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். விரைவுப் படகு முக்கால் மணியில் போய்விடும், ஆனால் கோடையில் அதற்கு நிற்கும் வரிசையிலேயே காலைப் பொழுது போய்விடும். நடு ஏரியின் கிழக்குக் கரையில் உள்ள வரென்னாவுக்கு நேராக ரயிலில் போங்கள். மிலானோ சென்த்ராலே நிலையத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம்.

நிலையத்தின் பெரிய அறிவிப்புப் பலகையில் வரென்னா என்று தேடினால் கிடைக்காது. திரானோ அல்லது சோந்த்ரியோ என்று ரயில் கடைசியாகச் சேரும் ஊரின் பெயர்தான் இருக்கும். அந்த ரயில் வரென்னாவில் நிற்கிறதா என்று நேர அட்டவணையில் பார்த்துக்கொண்டு ஏறுங்கள். திரும்புவதற்கான டிக்கெட்டையும் மிலானிலேயே எடுத்துவிடுங்கள். காகித டிக்கெட் என்றால் ஏறுவதற்கு முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். மறந்தால் டிக்கெட் கையில் இருந்தும் அபராதம் கட்ட நேரும். போகும்போது இடது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். வழியில் லேக்கோ நகரம் தாண்டியதும் ஏரி அந்தப் பக்கம்தான். சில கோடைகளில் பாதை வேலைக்காக ரயிலை நிறுத்திப் பஸ் விடுவதுண்டு. வேலைநிறுத்த நாட்களும் வரும். முதல் நாள் இரவே இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

ஒரு நாளில் நான்கு ஊர் என்று போடும் திட்டங்களை நம்ப வேண்டாம். குழந்தையோடு இரண்டு ஊர் போதும்: பெல்லாஜோ, வரென்னா. இதில் எதை முதலில் பார்ப்பது என்பதுதான் முக்கியம். காலை எட்டு மணியை ஒட்டிய ரயிலில் வந்து வரென்னாவில் இறங்கியதும் ஊரைப் பார்க்க நிற்காமல், பத்து நிமிடம் இறங்கி நடந்து படகுத்துறைக்குப் போய்விடுங்கள். எதிர்க்கரையில் பெல்லாஜோ, படகில் பதினைந்து நிமிடம். போக வர இரண்டுக்கும் சேர்த்தே டிக்கெட் வாங்குங்கள். காலை பத்து மணிக்கு அங்கே கல்படிச் சந்துகளில் நிம்மதியாக நடக்கலாம். பதினொன்றரைக்கு மேல் கூட்டம் வந்துவிடும். ஏரியின் தெற்குப் பகுதி இரு கைகளாகப் பிரியும் முனைக்கு, புந்தா ஸ்பார்த்திவெந்தோவுக்கு, நடந்தே போகலாம். மேட்டைத் தாண்டிக் கிழக்கே இறங்கினால் பெஸ்கால்லோ என்ற பழைய மீனவர் குடியிருப்பு. பன்னிரண்டு மணியை ஒட்டி வரென்னாவுக்குத் திரும்பிவிடுங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் பெல்லாஜோ துறையில் வரிசை நீண்டு, வந்த படகில் இடமில்லாமல் அடுத்ததற்கு நின்று, அதனால் ரயிலையும் விடுகிறவர்கள் பலர். கார் ஏற்றும் படகும் ஆட்கள் மட்டும் போகும் படகும் பெல்லாஜோவில் வெவ்வேறு துறைகளில் நிற்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

இனி சாப்பாடு. மதியச் சமையல் பன்னிரண்டரைக்குத் தொடங்கி இரண்டு அல்லது இரண்டரைக்கு முடிந்துவிடும். மூன்று மணிக்குப் போனால் ஐஸ்கிரீமும் சாண்ட்விச்சும்தான். ஏரியைப் பார்த்த மேசை வேண்டுமென்றால் முன்பதிவு செய்யுங்கள். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை விடும் உணவகங்கள் உண்டு. நவம்பர் முதல் மார்ச் வரை பாதிக்கு மேல் மூடியிருக்கும். பில்லில் கோபெர்த்தோ என்று ஆளுக்கு 2 முதல் 4 யூரோ சேர்ந்திருந்தால் அது மேசைக்கான வழக்கமான கட்டணம்.

மகளுக்குப் பெர்சிகோ என்ற ஏரி மீன் வைத்த ரிசொட்டோ (இத்தாலியக் குழைந்த சோறு) வாங்கிக் கொடுங்கள். பெர்சிகோவின் சிறு துண்டுகளை முள் இல்லாமல் எடுத்து, மாவில் புரட்டி, வெண்ணெயில் சேஜ் இலையோடு பொரித்து, குழைவான வெள்ளை ரிசொட்டோவின் மேல் அடுக்கி, அந்த வெண்ணெயையே ஊற்றித் தருவார்கள். வந்த உடனே சாப்பிட வேண்டும். சோற்றின் ஆவியில் பத்து நிமிடத்தில் மொறுமொறுப்பு போய்விடும். ரிசொட்டோவில் பெரும்பாலும் வெள்ளை ஒயின் சேர்ப்பார்கள். அது வேண்டாதவர்கள் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

ஏமாற்றம் அதிகம் நடப்பதும் இந்தத் தட்டில்தான். தேவை அதிகம், ஏரியில் கிடைப்பது குறைவு. அதனால் வெளிநாட்டுப் பெர்சிகோவும், ஆப்பிரிக்க ஏரிகளின் நைல் பெர்ச் மீனும் இங்கே வந்து சேர்கின்றன. உண்மையான பெர்சிகோ சிறிய மீன். துண்டு விரல் நீளத்தில் மெல்லியதாக இருக்கும். தடித்த வெள்ளைச் சதையைக் கத்தியால் சதுரமாக வெட்டியது போல் இருந்தால் சந்தேகப்படுங்கள். மெனுவில் மீன் பெயரை ஒட்டி நட்சத்திரக் குறி இருந்தால் பெரும்பாலும் உறைய வைத்த மீன். ‘பெஷ்ஷே தி லாகோ’ என்று எழுதியிருந்தால் ஏரி மீன் என்றுதான் பொருள், இந்த ஏரி என்றல்ல. “எ பெஸ்காத்தோ குவி, நெல் லாகோ?” (இங்கே, இந்த ஏரியில் பிடித்ததா?) என்று கேளுங்கள். நேர்மையான உணவகம் தயங்காமல் சொல்லும். வசந்தத்தில் பெர்சிகோ முட்டையிடும் காலம் என்பதால் பிடிக்கத் தடை உண்டு. அந்த வாரங்களில் அதைக் கேட்காமல் லவரெல்லோ என்ற இன்னொரு ஏரி மீனைக் கேளுங்கள். சுட்டும் தருவார்கள், பொரித்து, வெங்காயம், வினிகரில் ஊற வைத்துக் குளிர்ச்சியாகக் கார்பியோனே என்றும் தருவார்கள். வெயில் நாளில் இரண்டாவதற்கு ஈடில்லை. லவரெல்லோவுக்கு முட்டையிடும் காலம் குளிர்காலம். மெல்லிய முள் இருக்கும். குழந்தைக்கு நீங்கள் பிரித்துக் கொடுங்கள்.

நீங்களும் மனைவியும் விட்டுவிடக் கூடாதது மிஸ்ஸொல்தினி. இது கோமோ ஏரியின் கருவாடு. மீனின் பெயர் அகோனே. நம் உல்லம் மீனின் உறவு, அதே போல் கொழுப்பும் முள்ளும் நிறைந்தது. மே, ஜூனில் முட்டையிடக் கரைக்கு வரும்போது பிடிப்பார்கள். குடல் நீக்கி, இரண்டு நாள் போல உப்பில் வைத்து, நூலில் கோத்துக் காற்றிலும் வெயிலிலும் உலர்த்துவார்கள். பிறகு தகர டப்பாவில் வட்டமாக அடுக்கி, இடையிடையே பிரிஞ்சி இலை வைத்து, மேலே பலகையால் அழுத்திப் பல மாதம் விடுவார்கள். அழுத்தத்தில் மீனின் எண்ணெய் கசிந்து மேலே வரும். அந்த எண்ணெய் மூடியிருக்கும் வரை மீனில் காற்றுப் படாது. எண்ணெய் வற்றி மீன் வெளியே தெரிந்தால் காறல் ஏறிவிடும். நல்ல மிஸ்ஸொல்தினியின் சதை உள்ளே செந்நிறமாக, பிளந்தால் இழையிழையாக வரும். கசந்து தொண்டையில் பிடித்தால் பழையது. தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

தணலில் சற்றுச் சுட்டு, வினிகர் தெளித்து, வாட்டிய பொலெந்தாவோடு வரும். பொலெந்தா மக்காச்சோளக் களி. வெந்து இளகிய தோலைக் கத்தி நுனியால் உரித்து, முதுகுவாட்டில் பிளந்து, நடுமுள்ளை வாலோடு தூக்கிவிட்டுச் சிறு துண்டாகக் களியோடு சேர்த்துச் சாப்பிடுங்கள். உப்பு நன்றாகவே இருக்கும். தொடக்க உணவாக இருவருக்கு ஒரு தட்டு போதும்.

பெர்சிகோ, லவரெல்லோ, மிஸ்ஸொல்தினி மூன்றும் கிடைக்க வாய்ப்பு அதிகமுள்ள மாதம் எது என்றால் செப்டம்பரைச் சொல்வோம். கூட்டமும் அப்போது குறையும்.

சாப்பிட்ட பின் வரென்னாவிலேயே உள்ள வில்லா மொனாஸ்தேரோ தோட்டம். ஏரியை ஒட்டி நீளமாகப் போகும், நிழலும் உண்டு. மகளுக்குக் கால் வலிக்கவில்லை என்றால் தெற்கே ஃபியுமெலாத்தே வரை நடங்கள். 250 மீட்டர் நீளம் மட்டுமே ஓடி ஏரியில் விழும் ஆறு. நுரைத்துப் பால் போல் வரும். லியொனார்தோ தா வின்சியின் குறிப்பேட்டில் இடம்பெற்றது. குளிர்காலத்தில் வறண்டுவிடும். மதியத்துக்கு மேல் தெற்கிலிருந்து பிரேவா காற்று எழும்பும். கோடையிலும் மகளுக்கு ஒரு மெல்லிய மேலாடை எடுத்துப் போங்கள்.

ஞாயிறு மாலை மிலான் திரும்பும் ரயிலில் நிற்கவே இடம் இருக்காது. ஓய்வு நாளை நீங்களே தேர்ந்தெடுக்க முடிந்தால் செவ்வாய் முதல் வியாழன் வரை ஏதாவது ஒன்றாக இருக்கட்டும். எந்த நாளானாலும், குறித்து வைத்த ரயிலுக்கு அடுத்தும் ஒரு ரயில் இருக்கும்படி மாலைத் திட்டத்தை வகுத்துக்கொள்ளுங்கள்.