மாத்திரை இல்லாமல் தூங்க முடியுமா? கேள்விகளும் பதில்களும்

மதுரையில் உளவியலாளராக 17 வருடமாக வேலை பார்க்கிறேன். மருந்து எழுதித் தருவது என் வேலை இல்லை, அது மருத்துவர்கள் பார்த்துக்கொள்வது. தூக்கம் வரவில்லை என்று வருகிறவர்களோடு உட்கார்ந்து, அவர்களுடைய இரவைச் சீர்செய்வதுதான் என் வேலை. தூக்கம் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பலருக்கும் உதவக்கூடியவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி (திண்டுக்கல், வயது 46): மேடம், ஒரு வருஷமாகத் தூக்கம் சரியில்லை. பத்து மணிக்குப் படுத்தால் பன்னிரண்டு வரை புரண்டுகொண்டே இருப்பேன். நடுராத்திரி விழித்தால் இன்னும் ஒரு மணி நேரம் போய்விடும். ஆறு மணிக்கு எழுந்தால் அடித்துப் போட்டது போல இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா தன் தூக்க மாத்திரையில் பாதியைப் போட்டுப் பார் என்கிறார். போடலாமா?

வேண்டாம் சகோதரி. அவருக்கு எழுதிய மாத்திரை அவரோடு இருக்கட்டும்.

வாரத்தில் மூன்று இரவாவது தூக்கம் கெட்டு, அது மூன்று மாதத்தைத் தாண்டிவிட்டால் நாள்பட்ட தூக்கமின்மை என்று சொல்வோம். உங்களுடையது அதுதான். இதற்கு மாத்திரையை விட முதலில் செய்ய வேண்டிய சிகிச்சை ஒன்று உண்டு. சிபிடி-ஐ என்பார்கள். தூக்கத்தைக் கெடுக்கும் பழக்கத்தையும் பயத்தையும் மாற்றுவது அது. அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதலே, பெரியவர்களின் நாள்பட்ட தூக்கமின்மைக்கு இதைத்தான் முதலில் தர வேண்டும் என்கிறது.

‘பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது’ என்று நம் பெரியவர்கள் சொன்னதில் பாதிச் சிகிச்சை இருக்கிறது. தூக்கமும் பசி மாதிரிதான். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அதுதான் தூக்கப் பசி. அது போதுமான அளவு சேராமல் பத்து மணிக்கே போய்ப் படுத்தால், பசிக்காதவன் இலை முன்னால் உட்கார்ந்த கதைதான். மதியம் ஒன்றரை மணி நேரம் தூங்குவது, சாப்பாட்டுக்கு முன்னால் நொறுக்குத்தீனி தின்பது போல. இதோடு உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. அதற்குச் சாவி கொடுப்பது காலை வெளிச்சமும், தினமும் ஒரே நேரத்தில் எழுவதும்.

இன்னொன்றையும் கவனித்துப் பாருங்கள். டிவி பார்க்கும்போது சோபாவிலேயே கண் சொக்கும். எழுந்து போய்க் கட்டிலில் தலையை வைத்தால் பளிச்சென்று விழிப்பு வந்துவிடும். ஒரு வருடமாகப் புரண்டு புரண்டு, கட்டில் என்றாலே விழிப்பு என்று உடம்பு பழகிவிட்டது. இந்தப் பழக்கத்தை உடைக்கும் முறையை ரிச்சர்ட் பூட்ஸின் என்ற உளவியலாளர் 1972இல் வகுத்தார். இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறோம்.

நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தினமும் காலையில் காபி குடிக்கும்போது நாலு விஷயம் எழுதுங்கள்: எப்போது படுத்தேன், சுமாராக எப்போது தூங்கினேன், நடுவில் எவ்வளவு நேரம் விழித்திருந்தேன், எப்போது எழுந்தேன். குத்துமதிப்பாக இருந்தால் போதும். இரவில் கடிகாரத்தைப் பார்க்கவே கூடாது. சுவர்க் கடிகாரம் கட்டிலுக்கு எதிரே இருந்தால் கழற்றி ஹாலில் மாட்டிவிடுங்கள்.

ஒரு வாரம் கழித்துக் கணக்குப் போடுங்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் எட்டு மணி நேரம் படுக்கிறீர்கள், ஐந்து மணி நேரம் தூங்குகிறீர்கள். அப்படியானால் படுக்கும் நேரத்தையே ஐந்தரை மணியாகக் குறைக்க வேண்டும். காலை 5.30க்கு எழுவது என்று வைத்துக்கொண்டால், இரவு 12க்கு முன் படுக்கக் கூடாது. கேட்கவே கொடுமையாகத்தான் இருக்கும். தூக்கம் வராதவளைப் போய் இன்னும் விழித்திரு என்கிறாயே என்று என்னிடம் கோபப்பட்டவர்கள் உண்டு. ஆனால் சிதறிக் கிடக்கும் தூக்கம் ஒரே துண்டாகச் சேர்வது இப்படித்தான். படுத்த நேரத்தில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் தூங்க ஆரம்பித்ததும், வாரத்துக்கு 15 நிமிடம் முன்னால் படுக்கலாம். எவ்வளவு குறைத்தாலும் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே போகக் கூடாது.

படுத்தும் தூக்கம் வரவில்லையா? இருபது நிமிடம் ஆகியிருக்கும் என்று மனதுக்குத் தோன்றினாலே எழுந்துவிடுங்கள். கண் சொக்கினால் மட்டும் திரும்பிப் போங்கள். எத்தனை முறை ஆனாலும் சரி.

ஒரு எச்சரிக்கை. வலிப்பு நோயோ இருமுனை மனநோயோ உள்ளவர்கள், பஸ், லாரி ஓட்டுபவர்கள், ஆபத்தான இயந்திரத்தில் வேலை செய்பவர்கள் இப்படித் தூக்க நேரத்தைக் குறைப்பதை மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது. உங்கள் வயதில் மாதவிடாய் நிற்கும் காலத்து உடல் சூட்டாலும், தைராய்டு கோளாறாலும் தூக்கம் கெடலாம். ஒரு முறை மருத்துவரைப் பார்த்துவிட்டே ஆரம்பியுங்கள்.

கேள்வி (சென்னை): எழுந்து போ என்கிறீர்கள். எங்கள் வீடு ஒரே அறை, ஒரு சமையலறை. பிள்ளைகள் தூங்குகிறார்கள். எங்கே போய் என்ன செய்வது?

பாயைவிட்டு எழுந்தால் போதும், வீட்டைவிட்டுப் போக வேண்டியதில்லை. சமையலறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு சீரோ வாட்ஸ் பல்பு. கைக்கு வேலை இருக்க வேண்டும், மனதுக்கு இருக்கக் கூடாது. போன் மட்டும் வேண்டாம். வெளிச்சத்தை விட அதில் வருகிற செய்திகள்தான் ஆளை உசுப்பிவிடும்.

என்னிடம் வந்த ஒரு அம்மா, மறுநாள் குழம்புக்குப் பூண்டு உரிப்பார். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பல்லாக உரித்துக் கிண்ணத்தில் போடுவார். முதல் வாரம் கிண்ணம் நிறைந்து, ஊறுகாயே போடலாம் போல இருந்ததாம். மூன்றாவது வாரம் ஏழெட்டுப் பல் உரிப்பதற்குள் தலை தொங்கிவிடும். தோலும் பல்லும் முறத்திலேயே கிடக்க, போய்ப் படுத்துவிடுவார். காலையில் அந்த முறத்தைப் பார்த்து மகள்தான் முதலில் கண்டுபிடித்தாள், அம்மா சீக்கிரம் தூங்கிவிட்டாள் என்று.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 64): நான்கு வருடமாக இரவில் அல்பிரசோலம் 0.5 போடுகிறேன். இப்போது அதைப் போட்டாலும் சரியான தூக்கம் இல்லை. இன்றோடு தூக்கி எறிந்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். சரிதானே?

அய்யா, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். முடிவு நல்ல முடிவு. ஆனால் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது.

அல்பிரசோலம், குளோனசெபம், டயசெபம் எல்லாம் ஒரே குடும்பம். நாள்பட எடுத்தால் மூளை அதற்குப் பழகிவிடும். அதனால்தான் அதே அளவு இப்போது உங்களுக்குப் போதவில்லை. திடீரென்று நிறுத்தினால் படபடப்பு, நடுக்கம், வியர்வை, முன்பு இருந்ததை விட மோசமான தூக்கமின்மை எல்லாம் வரும். சிலருக்கு வலிப்பே வரும். அந்த இரண்டு மூன்று இரவைப் பார்த்துப் பயந்துபோய், ‘மாத்திரை இல்லாமல் எனக்குத் தூக்கமே கிடையாது’ என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அது உங்கள் உண்மையான தூக்கம் இல்லை, மாத்திரை விலகும்போது வரும் எதிர்விளைவு.

மாத்திரையை எழுதிக் கொடுத்த மருத்துவரிடமோ, ஒரு மனநல மருத்துவரிடமோ போய், ‘படிப்படியாகக் குறைக்க வேண்டும்’ என்று அந்த வார்த்தையிலேயே கேளுங்கள். எத்தனை வாரத்துக்கு ஒரு முறை எவ்வளவு குறைப்பது என்று அவர் அட்டவணை போட்டுத் தருவார். நான்கு வருடப் பழக்கத்துக்கு மாதக்கணக்கில் ஆகலாம், அவசரமே இல்லை. குறைக்கத் தொடங்கும் முன்பே எழும் நேரத்தையும் நோட்டையும் ஆரம்பித்துவிடுங்கள். நேரத்தைச் சுருக்குவதை மட்டும் மருத்துவர் சொன்ன பிறகு செய்யுங்கள்.

உங்கள் வயதில் இந்த மாத்திரையோடு இரவில் பாத்ரூம் போக எழுந்து தடுக்கி விழுந்து, இடுப்பெலும்பு உடைந்து வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குறைத்து முடிக்கும்வரை பாத்ரூம் வழியில் ஒரு சிறிய விளக்கு எரியட்டும். இன்னொன்று, இது 2014 முதல் ஹெச்1 அட்டவணையில் உள்ள மருந்து. மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. தெரிந்த மெடிக்கல் ஷாப்பில் சும்மா கொடுக்கிறார்கள் என்றால், அது உங்களுக்குச் செய்கிற உதவி இல்லை.

கேள்வி: காபிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? மாலை ஆறு மணிக்கு ஒரு டம்ளர் டிகாக்‌ஷன் காபி குடித்தால்தான் எனக்குத் தலைவலி போகும்.

உண்டு. சற்று முன் சொன்ன அடினோசின் மூளையில் போய் உட்காரும் இடத்தைக் காபியின் கஃபீன் பிடித்துக்கொள்கிறது. பசி இருந்தும் தெரியாமல் போகும். குடித்ததில் பாதி உடம்பைவிட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஆறு மணிக் காபியில் பாதி பதினொரு மணிக்கும் உங்களுக்குள் இருக்கிறது. அந்தத் தலைவலியும் பெரும்பாலும் காபி கேட்கும் தலைவலிதான். நாலு நாளைக்கு ஒரு தடவை அரை மணி நேரம் முன்னால் தள்ளிக்கொண்டே போய், மதியம் இரண்டு மணிக்குள் நிறுத்திவிடுங்கள். டீக்கும் இதே கணக்கு.

கேள்வி (கோவை): ராத்திரி இரண்டு பெக் போட்டால் நன்றாகத் தூங்குகிறேன். இது மாத்திரையை விடப் பரவாயில்லையா?

இல்லை தம்பி. சாராயம் முதல் பாதி இரவுக்குத் தூங்க வைக்கும், பின் பாதியைக் கெடுத்துவிடும். மூன்று மணிக்கு வாய் வறண்டு, நெஞ்சு படபடவென்று விழிப்பது அதனால்தான். தூக்க மாத்திரையோடு சேர்த்துக் குடித்தால் மூச்சே அடங்கிப்போகும் ஆபத்து உண்டு.

கேள்வி (கும்பகோணம்): என் அப்பாவுக்கு 73 வயது. விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். மாத்திரை வாங்கித் தரச் சொல்கிறார்.

எத்தனை மணிக்குப் படுக்கிறார் என்று எழுதவில்லை. எட்டு, எட்டரைக்கே படுத்துவிடுகிறார் என்று நினைக்கிறேன். எட்டரைக்குப் படுத்தவர் மூன்று மணிக்கு எழுந்தால் ஆறரை மணி நேரம் ஆகிவிட்டது. மதியம் சாய்வு நாற்காலியில் ஒரு மணி நேரம் கண் அசந்திருந்தால் அதையும் சேருங்கள். அவர் தூக்கம் குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. வயதானால் உடம்புக் கடிகாரம் முன்னால் ஓடுவது இயல்பு.

மாலை ஐந்து மணிக்கு வெளியே அழைத்துப் போங்கள், கோயில் பிரகாரம் நல்ல இடம். அந்த வெளிச்சம் கடிகாரத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளும். இரவு பத்து வரை யாராவது பேச்சுத் துணைக்கு இருங்கள். மதியத் தூக்கம் அரை மணிக்கு மேல் வேண்டாம். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை எடுக்கிறார் என்றால், அதைக் காலையில் போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: கணவர் வீடே அதிரக் குறட்டை விடுகிறார். நடுவில் மூச்சு நின்று, திணறி எழுகிறார். பகலில் பைக்கில் சிக்னலில் நிற்கும்போதே கண் சொக்குகிறது என்கிறார். தூக்க மாத்திரை கொடுக்கலாமா?

கொடுக்கவே கூடாது. இது தூக்கத்தில் மூச்சுக்குழாய் அடைபடும் நோயாக இருக்கலாம். தூக்க மாத்திரை அதை மோசமாக்கும். நுரையீரல் மருத்துவரையோ காது மூக்கு தொண்டை மருத்துவரையோ இந்த வாரமே பாருங்கள். ஓர் இரவு தூக்கப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். அதுவரை அவர் பைக் ஓட்ட வேண்டாம்.

கேள்வி: படுத்தால் கால் குடைகிறது. அசைத்துக்கொண்டே இருந்தால்தான் அடங்குகிறது. எழுந்து நடந்தால் சரியாகிவிடுகிறது.

இதற்கும் மனதுக்கும் சம்பந்தமில்லை. இரும்புச் சத்துக் குறைவாக இருக்கலாம். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதாது, உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி (திருநெல்வேலி): கணவர் தவறி நான்கு மாதம் ஆகிறது. கட்டிலில் அவர் படுத்த பக்கம் கை போகும்போதெல்லாம் விழித்துக்கொள்கிறேன். எல்லோரும் மாத்திரை போட்டுக்கொள் என்கிறார்கள்.

அம்மா, உங்களுக்கு வந்திருப்பது நோய் இல்லை. பக்கத்தில் இருந்தவர் இல்லாமல் போனதை உடம்பு இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. உங்களுக்கு நேரக் கணக்கு, நோட்டு எதுவும் இப்போது வேண்டாம். கொஞ்ச நாளைக்குக் கட்டிலை விட்டுவிட்டு வேறு அறையில் பாய் விரித்துப் படுங்கள். மகளோ தங்கையோ பக்கத்தில் படுக்கட்டும். இரவில் அழுகை வந்தால் அழுங்கள், அவரைப் பற்றிப் பேச வேண்டும் போல இருந்தால் எழுப்பிப் பேசுங்கள். காலையில் மட்டும் ஒரே நேரத்துக்கு எழுந்து வாசலில் வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். சாப்பாடு இறங்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளாமல் 14416க்கு அழையுங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் அது, இருபத்து நாலு மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. மருத்துவர் பார்த்து, கொஞ்ச நாளைக்கு மாத்திரை தேவை என்று சொன்னால் அதை மறுக்கவும் வேண்டாம்.

மீண்டும் திண்டுக்கல் சகோதரி: மேடம், டாக்டரைப் பார்த்தேன், தைராய்டு சரியாக இருக்கிறது. ஒரு வாரம் நோட்டு எழுதிவிட்டு, பன்னிரண்டு மணிக் கணக்கை ஆரம்பித்து நாலு நாள் ஆகிறது. பகலெல்லாம் தள்ளாடுகிறது. நேற்று பதினொரு மணிக்கே உட்கார்ந்த இடத்தில் கண் மூடிக்கொண்டது, மகன் எழுப்பிவிட்டான். விட்டுவிடலாமா?

விடாதீர்கள். ஒரு வருடத்துக்குப் பிறகு பதினொரு மணிக்குக் கண் தானாக மூடியிருக்கிறது, அதைக் கவனித்தீர்களா? முதல் ஒன்றிரண்டு வாரம் எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும். வண்டி ஓட்ட வேண்டாம், அடுப்படியில் கவனமாக இருங்கள். பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை உட்காராதீர்கள். துணி மடியுங்கள், மகனோடு பேசிக்கொண்டிருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையிலும் 5.30தான். நோட்டில் இந்த வாரத்து ஏழு வரிகளையும் எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், கணக்கை இருவரும் சேர்ந்து போடுவோம்.